இலையில் இருப்பதும் உடம்பில் சேர்வதும்

முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுக்குக் குறை என்றால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம், நெம்மேலி, பட்டிப்புலம் என்று மாமல்லபுரம் வரையிலும், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டித் திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கத்திலும் சிறிதும் பெரிதுமாக இல்லங்கள் இருக்கின்றன. சில தர்மத்துக்கு நடப்பவை, சில மாதக் கட்டணம் வாங்குபவை. தர்ம இல்லமாக இருந்தால் அலுவலக அறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். எந்தத் தேதிக்கு யார் உபயம் என்று கட்டத்துக்குள் பேனாவால் எழுதியிருப்பார்கள். பிறந்தநாள், கல்யாணநாள், திதி, அமாவாசை. அன்றைக்குச் சென்னையிலிருந்து கார் வந்து நிற்கும். வடை, பாயசம், அப்பளத்தோடு பந்தி நடக்கும். கொடுக்க வந்தவர்களே பரிமாறுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், பாட்டிமார் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் மாதாமாதம் இளைத்துக்கொண்டே வருகிறார். வந்து சேர்ந்தபோது பிடித்த மாதிரி இருந்த ஜாக்கெட் இப்போது தோளிலிருந்து நழுவுகிறது. மணிக்கட்டில் நின்ற வளையல் கையைத் தூக்கினால் முழங்கை வரை ஏறிவிடுகிறது. கேட்டால் சமையல்காரரிலிருந்து மேலாளர் வரை ஒரே பதில்: "வயசாச்சுல்ல." பெற்ற பிள்ளையும் அதைத்தான் சொல்கிறார், அந்தப் பாட்டியும் அதையே சொல்லிக்கொள்கிறார்.

வயதானால் கொஞ்சம் இளைப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள் எவ்வளவோ மறைந்துவிடுகிறது. நம் இல்லங்கள் உணவைத் தானமாகக் கணக்கு வைக்கின்றன: இன்று எத்தனை இலை, எத்தனை கிலோ அரிசி, யார் உபயம். இலையிலிருந்து எவ்வளவு வாய்க்குள் போனது, போனது உடம்பில் சேர்ந்ததா என்பதற்கு நோட்டு கிடையாது. முதியோரின் ஊட்டக்குறைவு இலைக்கும் உடம்புக்கும் நடுவில்தான் நடக்கிறது. அரிசி வாங்கக் காசில்லாத இல்லமும் உண்டு. அது வேறு கதை, அதற்குத் தீர்வும் வெளிப்படை. இங்கே பேச வேண்டியது மூட்டை நிறைய அரிசி இருந்தும் நடக்கும் இளைப்பைப் பற்றி.

உடம்பின் பக்கம் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முதுமையில் பசி மங்குவதற்கு ஒரு தனிப் பெயர் கொடுத்து, அதை ஆராய வேண்டிய விஷயமாக 1988இல் முன்வைத்தவர் அமெரிக்க முதியோர் மருத்துவர் ஜான் மார்லி. இரைப்பை மெல்லக் காலியாகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் இரத்தத்தில் அதிக நேரம் தங்குகின்றன. மூக்கு மந்தமாகிறது, மூக்கு போனால் நாக்கும் போனமாதிரிதான். அடுத்த ஆண்டு, 1989இல், இர்வின் ரோசன்பெர்க் வயதோடு தசை கரைவதற்கு 'சார்க்கோபீனியா' என்று பெயர் வைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். குறைவாக உண்பதால் தசை கரைகிறது. தசை கரைவதால் நடை தளர்கிறது. நடை தளர்ந்தால் பசி இன்னும் குறைகிறது.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது 1994இல் சூசன் ராபர்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஒரு சோதனை. இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் மூன்று வாரம் வேண்டுமென்றே உணவைக் குறைத்துக் கொடுத்தார்கள். பிறகு இஷ்டம்போலச் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். இளைஞர்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டு இழந்த எடையை மீட்டுக்கொண்டார்கள். முதியவர்களுக்கு அந்த மீட்புப் பசி வரவே இல்லை. அப்படியானால், ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரியில் ஒரு பத்து நாள் என்று எண்பது வயதுக்காரர் இழக்கும் இரண்டு கிலோ தானாகத் திரும்பி வராது. "உடம்பு தேறினா தன்னால சாப்பிடுவாங்க" என்று காத்திருப்பது இளைஞருக்குச் சரி, அவருக்குச் சரிவராது.

இனி தட்டுக்கு வருவோம். இந்தக் கடற்கரை இல்லங்களில் ஒரு சாதாரண நாளின் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மூன்று இட்லியும் சட்னியும். மதியம் ஒரு கரண்டிக்கு மேல் சோறு, நீர்த்த சாம்பார், ரசம், ஒரு பொரியல், கொஞ்சம் மோர். இரண்டு வேளை காப்பி அல்லது டீ. ராத்திரி ரவை உப்புமா. இதில் புரதம் எவ்வளவு என்று தோராயமாகக் கூட்டினால்: இட்லி, சட்னியில் 7 கிராம், சோற்றில் 5, சாம்பாரில் 3, பொரியலும் மோரும் சேர்ந்து இரண்டரை, காப்பி டீயில் உள்ள பாலில் 3, உப்புமாவில் 5. மொத்தம் 25 கிராம் சொச்சம். அதுவும் எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டால். மதியச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டால் 20தான் தேறும்.

தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயதுவந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். முதியோருக்கென்று கூடிய சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2013இல் இதை 1 முதல் 1.2 கிராம் வரை உயர்த்தச் சொன்னது. நோய்வாய்ப்பட்டிருந்தால் இன்னும் அதிகம். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளுக்கு 50 கிராம் வேண்டும். கிடைப்பது பாதி. வயிறு நிரம்பிவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள சூது. மாவுச்சத்தால் நிரம்பிய வயிறு முறையிடாது.

இந்தப் பள்ளத்தை நிரப்பப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை நன்றாக வேகவைத்து மசித்தால் இன்னொரு 6. மூன்றும் சேர்ந்தால் 25 என்பது 43 ஆகிவிடும். ஆனால் உபயம் செய்பவர் முட்டைக்கு உபயம் செய்வதில்லை. பாயசம் போட்டால்தான் அவருக்கு நிறைவு. அந்தப் பாயசத்தைச் சர்க்கரை நோய்க்காரர்கள் ஒருநாள் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். மறுநாள் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்துவிட்டுச் சோற்றைக் குறைக்கிறார்.

முட்டையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். தர்ம இல்லங்களில் பல சைவச் சமையல்தான். நடத்தும் அறக்கட்டளையின் வழக்கம், அல்லது உபயதாரர் முகம் சுளிப்பாரோ என்ற தயக்கம். நெம்மேலிக் குப்பத்திலும் கோவளத்திலும் பிறந்து, எழுபது வருஷம் மீன் குழம்பில் வளர்ந்த நாக்கு ஒன்று அங்கே வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் கூடை இறக்கி விற்றுவிட்டு, மிஞ்சிய நெத்திலியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளிக் குழம்பு வைத்தவர் அவர். காற்றில் கருவாட்டு வாசனை வருகிறது. தட்டில் கத்திரிக்காய் சாம்பார். "நாக்கு செத்துப் போச்சு" என்று அவர் சொன்னால் அது அலங்காரப் பேச்சில்லை, மருத்துவக் குறிப்பு. இந்தப் பகுதியில் மலிவாகவும் பக்கத்திலேயும் கிடைக்கும் நல்ல புரதம் மீன்தான். அது இல்லத்து வாசலைத் தாண்டாமல் இருப்பதற்குக் காரணம் ஊட்டச்சத்து அறிவியலில் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் வாசனை ஆகாது என்றால் இரண்டு அடுப்பு வைக்கலாம். வீடுகளில் வைத்திருக்கிறோம்.

அடுத்தது பல். செயற்கைப் பல் செட் கட்டியவர் இளைத்தால் ஈறும் சுருங்கும், செட் ஆடும், கடித்தால் குத்தும். கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு ரசம் சோற்றுக்கு வந்துவிடுவார். ரசம் சோற்றில் இன்னும் இளைப்பார். இந்தச் சுழலை முதலில் பார்க்கக்கூடியவர் டாக்டர் இல்லை, சாப்பாடு பரிமாறும் ஆயாதான். ஆனால் ஆயாவிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டு எழுத நோட்டும் இல்லை.

மாத்திரைகளும் பசியைத் தின்னும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியை மட்டுப்படுத்தும், நாளடைவில் பி12 அளவையும் குறைக்கும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கட்டும். மலம் கட்டினால் சோறு இறங்காது. கூடவே பத்தியம். எண்பத்தைந்து வயதில் சர்க்கரை விலக்கு, உப்பு விலக்கு, எண்ணெய் விலக்கு என்று எல்லாவற்றையும் விலக்கினால் தட்டில் மிஞ்சுவது விலக்கு மட்டும்தான். முதியோர் இல்லங்களில் இத்தகைய கறாரான பத்தியத்தைத் தளர்த்தச் சொல்லி அமெரிக்க உணவியலாளர் சங்கம் இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறது. பத்து வருஷம் கழித்து வரப்போகும் சிக்கலைத் தடுக்க இந்த வருஷமே ஆளை வற்றவைப்பதில் என்ன நியாயம்?

தண்ணீர் விஷயத்தில் நெம்மேலிக்கு ஒரு விசித்திரமான பொருத்தம் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இங்கே 2013இல் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் வந்தது. தென்சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இந்தக் கரையிலிருந்து போகிறது. இதே கரையில் உள்ள இல்லங்களில் முதியவர்கள் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் பற்றாக்குறை அல்ல, கழிப்பறைக்கு உள்ள தூரம். ராத்திரி எழுந்து நடக்கப் பயம், ஈரத் தரையில் விழப் பயம், ஆயாவை எழுப்பக் கூச்சம். அதனால் மாலை நான்கு மணியோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். முதுமையில் தாக உணர்வே குறைவு, கேட்டுக் குடிக்கமாட்டார்கள். ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டர், ஆணுக்கு 2 லிட்டர் பானம் என்கிறது. நம்முடைய வெயிலுக்கு அதற்கு மேலேயே வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் வாய் உலரும். உலர்ந்த வாயில் சோறு உருளாது.

நேரக் கணக்கும் ஒன்று உண்டு. சமையல்காரரும் ஆயாக்களும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடும். காலையில் ஒரு காப்பி. டிபன் எட்டு, எட்டரை. நடுவில் பதின்மூன்று பதினான்கு மணி நேரம். அமெரிக்க மத்திய அரசின் விதி இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஸ்வீடனில் 11 மணி நேரம் என்று பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் ஊட்டக்குறைவோடு அது சேர்ந்து வருவதை அங்கே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்க ஓர் ஆள் விழித்திருந்தால் போதும். அந்த ஓர் ஆளுக்குச் சம்பளம் யார் உபயம் என்பதுதான் கேள்வி. அன்னதானத்துக்குக் கொடுக்க ஆள் வருகிறார். ஆயா சம்பளத்துக்குக் கொடுக்க வருபவரைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆள் என்றால் எவ்வளவு ஆள்? கை நடுங்குபவர், பக்கவாதம் வந்தவர், மறதி நோய்க்காரர் ஆகியோருக்கு ஊட்டிவிட வேண்டும். அமெரிக்காவில் சாண்ட்ரா சிம்மன்ஸ் குழுவினர் 2001இல் இதைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஒருவர் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, வாய்க்கு வாய் நேரம் விட்டு ஊட்டினால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 40 நிமிடம் பிடித்தது. வழக்கமாக ஊழியர்கள் செலவிட்டது 10 நிமிடத்துக்கும் குறைவு. நேரம் கொடுத்துப் பார்த்தபோது, சாப்பிடாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டார்கள். நம் ஊர் இல்லம் ஒன்றில் ஊட்ட வேண்டியவர்கள் எட்டுப் பேர், ஊட்ட ஆயா இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆயாவுக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஒரு வேளைக்கு. நடப்பது வேறு: சோற்றைக் குழையப் பிசைந்து, நான்கு வாய் வேகமாகக் கொடுத்து, ஐந்தாவது வாய்க்குத் தலை திரும்பினால் "போதுமாம்" என்று தட்டை எடுத்துவிடுவார்கள். ஆயா கல்நெஞ்சக்காரி இல்லை. அடுத்த தட்டு காத்திருக்கிறது.

இதையெல்லாம் அளப்பது கடினமா என்றால், இல்லை. 1990களில் உருவான மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட் என்ற கேள்வித்தாள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள்: மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, நடமாட்டம் எப்படி, பெரிய நோயோ மன அதிர்ச்சியோ வந்ததா, மறதியோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா. மொத்தம் 14 மதிப்பெண். 12ம் அதற்கு மேலும் என்றால் பரவாயில்லை. 8 முதல் 11 வரை ஆபத்து விளிம்பு. 7ம் அதற்குக் கீழும் என்றால் ஊட்டக்குறைவு. படுத்த படுக்கையாக இருப்பவரை எடை மெஷினில் ஏற்ற முடியாது, கூன் விழுந்தவரின் உயரத்தை அளக்க முடியாது. அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றித் தையல்காரர் டேப்பை வைத்தால் போதும். 31 செ.மீ.க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை. தசைக் கரைவைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு 2019இல் இன்னும் கறாராக ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 என்று வைத்தது. கால் வீங்கியிருந்தால் டேப் பொய் சொல்லும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் படித்த ஓர் ஆயா அரை நாளில் இதைக் கற்றுக்கொள்வார்.

இந்தக் கேள்வித்தாளை வைத்து 12 நாடுகளில் எடுத்த தரவுகளை 2010இல் ஒன்றாகத் தொகுத்தார்கள், மொத்தம் 4,507 முதியோர். நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களில் 13.8 சதவீதம் பேருக்கு ஊட்டக்குறைவு; இன்னொரு 53.4 சதவீதம் பேர் ஆபத்து விளிம்பில். சொந்த வீட்டில் இருந்தவர்களில் ஊட்டக்குறைவு 5.8 சதவீதம்தான். நம் பக்கத்துக் கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் திகைப்பு வரும். வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில் வீட்டில் வாழும் 227 முதியோரிடம் அதே கேள்விகளைக் கேட்டு 2010இல் வெளியான ஆய்வு 14 சதவீதம் பேருக்கு ஊட்டக்குறைவு, 49 சதவீதம் பேர் விளிம்பில் என்றது. பணக்கார நாட்டு இல்லவாசி இல்லத்துக்குள் போய் அடையும் நிலையில் நம் கிராமத்து முதியவர் வீட்டிலேயே இருக்கிறார். இந்தியா முழுவதும் 2017-18இல் நடந்த நெடுங்கால முதுமை ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எடைக் குறைவு. அதனால் இளைத்துப்போனதற்கு இல்லத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை; பலர் இளைத்துத்தான் வந்து சேர்கிறார்கள். வந்த அன்று எடை போட்டு எழுதிவைத்திருந்தால் பழி யார்மேல் என்பதாவது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று அதன் தொடக்கத்திலேயே வரையறை இருக்கிறது. பிள்ளைகள்மேல் சுமத்தும்போது உணவு முதலில் வருகிறது. 19ஆவது பிரிவு மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியற்ற 150 பேர் தங்கும்படி, அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. அந்த இல்லங்களின் தரம், சேவை பற்றிப் பேசும் உட்பிரிவில் மருத்துவக் கவனிப்பும் பொழுதுபோக்கும் இருக்கின்றன. உணவு என்ற சொல் இல்லை. உணவு கிடைக்கும் என்பது சொல்லாமலே விளங்கும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும். தனியார் இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை.

முதியோர் இல்லங்கள் செய்திக்கு வருவது வேறு விதமாக. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லம் 2018 பிப்ரவரியில் நாடெங்கும் பேசப்பட்டது. இல்லத்தின் வண்டி ஒன்றை வழிமறித்தபோது காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும் உயிரோடு இரண்டு முதியவர்களும் இருந்தார்கள். விசாரணை, குற்றச்சாட்டு, மறுப்பு எல்லாம் நடந்தன. அங்கிருந்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். வாரக்கணக்கில் விவாதித்தது இறந்தவர்களை அடக்கம் செய்த முறையைப் பற்றி, உரிமத்தைப் பற்றி, மதத்தைப் பற்றி. இல்லத்துக்குள் வந்த ஒருவர் எத்தனை கிலோவில் வந்தார், இறக்கும்போது எத்தனை கிலோ என்ற கேள்வியைத் தொலைக்காட்சியில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குற்றச்சாட்டையோ மறுப்பையோ நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி எது?

எடையைச் சாட்சியாக எடுத்துக்கொண்ட நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு இல்லவாசியின் நிலையையும் குறிப்பிட்ட இடைவெளியில் பதிய வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை குறைந்தால் அது எச்சரிக்கை மணி. 45 கிலோ பாட்டிக்கு 5 சதவீதம் என்பது இரண்டேகால் கிலோ. ஆஸ்திரேலியா 2019 ஜூலையிலிருந்து எதிர்பாராத எடைக் குறைவை எல்லா இல்லங்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அங்கும் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஓர் ஆள் உணவுக்கு நாளொன்றுக்கு இல்லங்கள் செலவிட்டது சராசரியாக 6 டாலர் சொச்சம் என்று 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே முதியோர் பராமரிப்பை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் கேட்ட சாட்சியங்களில் இல்லவாசிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஊட்டக்குறைவிலோ அதன் விளிம்பிலோ இருப்பது வந்தது. 2021இல் ஆணையத்தின் இறுதி அறிக்கைக்குப் பிறகு ஆளுக்கு நாளொன்றுக்கு 10 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அதே 2021இல் அங்கிருந்து வந்த இன்னொரு ஆய்வு நம் சமையல் கட்டுக்கு நேராகப் பேசுகிறது. 60 இல்லங்கள், 7,195 பேர், இரண்டு வருஷம். பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் ஆகியவற்றை வழக்கமான சமையலிலேயே கூட்டினார்கள். மருந்து எதுவும் புதிதாக இல்லை. புரதம் நாளுக்கு ஏறக்குறைய 69 கிராமாக உயர்ந்தது. அந்த இல்லங்களில் விழுவது 11 சதவீதமும், எலும்பு முறிவு 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. ஓர் இடுப்பெலும்பு முறிவுக்கு இங்கே ஆகும் ஆஸ்பத்திரிச் செலவில் எத்தனை வருஷத்துக்குத் தயிர் வாங்கலாம் என்று எந்த மேலாளரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நெதர்லாந்தில் 2006இல் செய்தது இன்னும் எளிது. உணவை மாற்றவில்லை, பரிமாறும் விதத்தை மாற்றினார்கள். ஐந்து இல்லங்கள், 178 பேர், ஆறு மாதம். ஒரு பிரிவுக்கு வழக்கம்போலத் தட்டில் போட்டு மூடிக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு மேஜைவிரிப்பு, நடுவில் பாத்திரங்கள், வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், ஊழியர்களும் கூட உட்கார்ந்து பேசினார்கள். அந்த நேரத்தில் மருந்து வண்டி வரக்கூடாது. ஊட்டக்குறைவு உள்ளவர்கள் இந்தப் பிரிவில் 17 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைந்தார்கள். பழைய முறையில் இருந்தவர்களிடம் 11 சதவீதம் 23 ஆனது. கூட உட்கார்ந்து சாப்பிடுவது, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்வது, இதையெல்லாம் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்யத் தெரிந்தவர்கள்தான் நாம். இல்லத்தில் எவர்சில்வர் தட்டோடு வரிசையில் நிற்க வைக்கிறோம்.

தமிழ்நாட்டிடம் இதற்கான முன்மாதிரி இல்லாமல் இல்லை. முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைச் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் தொடங்கியவர் மருத்துவர் வி. எஸ். நடராசன், முதியோர் மருத்துவத்தை இந்தியாவில் ஒரு தனித்துறையாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. இன்று கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024இலிருந்து இயங்குகிறது. சுனாமிக்குப் பிறகு கடலூர்ப் பக்கத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில் வாசிகளே தோட்டம் போடுவதும் வேலைகளில் கைகொடுப்பதும் வழக்கம். தன் கையால் பறித்த கீரையைத் தானே ஆய்ந்து கொடுத்தவர் சாப்பிட உட்காரும்போது அவருக்கு அந்தக் குழம்பைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். கருத்து இருப்பவர் சாப்பிடுவார்.

இன்னொரு முன்மாதிரியைப் பலர் மறந்தே போனார்கள். எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் 1983 ஜனவரியிலிருந்து முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பாட்டியும் பேரனும் ஒரே மையத்தில் மதியச் சோறு சாப்பிடலாம். இன்றும் விதி இருக்கிறது: மையத்தில் வந்து சாப்பிடும் ஓய்வூதியர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ. 2023 ஆகஸ்டில் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் ஆனது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டத்தில் அரிசியோடு முட்டை வந்து சேர்ந்தது, வாரம் ஐந்து. சின்னஞ்சிறு பிள்ளைகளை எடை போடுவதும் உயரம் அளப்பதும் அங்கன்வாடியில் வழக்கமான வேலை ஆனது. அதே திட்டத்தில் உள்ள முதியவர் வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னும் அந்த 4 கிலோ அரிசிதான்.

அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் அட்டை எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். கோடு கீழே இறங்கினால் பணியாளர் வீடு தேடி வருவார். இல்லங்களுக்கும் அப்படி ஓர் அட்டை போதும். முதல் தேதி எடை, முடியாதவர்களுக்குக் கெண்டைக்கால் அளவு, பக்கத்தில் பல் செட் பொருந்துகிறதா, போன மாதம் எத்தனை வேளை பாதித் தட்டு மிஞ்சியது என்று இரண்டு கட்டம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021இலிருந்து வீடு வீடாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையில் ஓர் அளவு டேப்புக்கு இடம் உண்டு. உபயத்துக்குத் தேதி கேட்டு வருபவர்களிடம் காலண்டரோடு இந்த அட்டைகளையும், பெயரை மறைத்துவிட்டு, மேலாளர் காட்டலாம். எட்டாம் எண் கட்டிலில் இருப்பவர் ஜனவரியில் 46 கிலோ, ஏப்ரலில் 43. அன்றைக்குப் பாயசமா, இரண்டு மாதத்துக்கு முட்டையும் ராத்திரிப் பாலுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.